அண்ணி எந்த வண்டியில்?

உட்காருங்க அக்கா, இடம் இருக்கு. குடையை இந்தப் பக்கம் வச்சுக்கிறேன், உங்க புடவையில சொட்டுது. சீட்டு ஈரமாத்தான் இருக்கும். ஜன்னல் கண்ணாடி பாதியிலேயே நின்னுபோச்சு, நானும் தள்ளிப் பார்த்துட்டேன், வரமாட்டேங்குது. யோகிதா, காலை மடக்கு, பெரியம்மா உட்காரட்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? ஆமாம், முழுக்க நனைஞ்சுதான் இருக்கோம். கையில் குடை இருந்தும் எப்படி நனைந்தாள் என்றுதானே யோசிக்கிறீங்க? சொல்றேன். கார் இல்லாததாலே பஸ்ஸில் போறோம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. இருக்கு. ஒண்ணு இல்லை, ரெண்டு. ரெண்டும் இதே ரோட்டில் பின்னால் ஒரு டீக்கடை வாசலில் நிற்குது. பிள்ளைக்குக் காரில் போனால் வாந்தி வரும். அதுக்காகத்தான் பஸ்.

என்னடி? வாந்தி இன்னும் வரலைன்னா பேசாம இரு. எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?

நாங்கள் முசிறிப் பக்கம். என் பேர் வளர்மதி. வீட்டுக்காரர் பைப்பு, குழாய், தண்ணீர்த் தொட்டி விற்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் படிப்பு. பள்ளிக்கூடப் படிப்பைச் சொல்லவில்லை, அதெல்லாம் அளவாகத்தான். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் கடைசி வரி வரை படிப்பார். பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தால், தயாரித்த ஊர் என்ன என்று பார்த்த பிறகுதான் பிரிப்பார். தொல்லியல் துறைக்காரர்கள் கோட்டை, கோயில் வாசலில் எல்லாம் நீலத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்களே, அதைக் கண்டுவிட்டால் போதும். கல்யாணமான புதிதில் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். கோயிலைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பலகை நல்லா ஞாபகம் இருக்கு.

அவருக்கு ஒரே தம்பி. பேர் அறிவழகன். ஸ்கூல் வாத்தியார். எங்கள் வீட்டை ஒட்டின மாதிரியே புது வீடு கட்டினார். பால் காய்ச்சுக்குப் பத்திரிகை அடித்து, தட்டில் பழம் வெற்றிலை பாக்கோடு முறையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் அதையும் நீலப் பலகையைப் படிப்பது போலவே, பிள்ளையார் சுழியிலிருந்து அச்சகத்துக்காரரின் பேர் வரை படித்தார். நல்லாயிருக்கு என்று அலமாரியில் வைத்தும் விட்டார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை அக்கா. "தேன்மொழியோட அண்ணன் பேரு மேல இருக்கு, உங்க பேரு அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கே, கண்ணாடி போடாம விட்டுட்டீங்களோன்னு பார்த்தேன்" என்று மட்டும்தான் சொன்னேன். ஒரு தகவலுக்காக. தேன்மொழி என்றால் தம்பி பொண்டாட்டி, என் ஓரகத்தி. மச்சான் பேர் மேலே, கூடப் பிறந்த அண்ணன் பேர் கீழே. இவர் கண்ணாடியைப் போட்டார், பார்த்தார், பால் காய்ச்சுக்குப் போகவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு நின்ற பேச்சு. இவள் அப்போது கைக்குழந்தை. இப்போது பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றாவது போகிறாள்.

பேச்சுதான் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார், ஸ்விட்சு எங்கள் வீட்டுச் சுவரில். ஆக, தினமும் பேசியே ஆக வேண்டும். எப்படிப் பேசுவார்கள்? என் வழியாகத்தான். காலையில் இவர் வாசலில் நின்று, மோட்டார் போடலாமா என்று கேள் வளரு என்பார். தம்பி நாலடி தள்ளி வேலியோரம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார். காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி தென்னை மரத்தைப் பார்ப்பார். நான் திரும்பி, தம்பி, மோட்டார் போடலாமாங்கிறார் என்பேன். போடச் சொல்லுங்க அண்ணி என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி, போடச் சொல்றார் என்பேன். அதுவரை இவர் கையை ஸ்விட்சு மேலேயே வைத்துக்கொண்டு நிற்பார். என் கழுத்து வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், காரணம் கேட்டார், நான் சொல்லவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு அக்கா. எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. தம்பி ஒரு நாள், அண்ணன் ராத்திரியெல்லாம் இருமுறாரே, டாக்டர்கிட்டக் காட்டினாரா என்று கேட்டார். அதை அப்படியே சொன்னால் இவர் அந்தப் பாசத்துக்காகவே இன்னும் பத்து நாள் இருமுவார். அதனால் உங்க இருமல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குதாம் என்று சுருக்கிவிட்டேன். ஒரு பொங்கலுக்கு இவர் தம்பிக்கென்று வேட்டி எடுத்து வந்து, கொடுத்துவிடு என்றார். கொடுத்தேன். எங்கம்மா வீட்டிலிருந்து ஒன்று கூடுதலாக வந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் கொடுத்தது என்று சொல்லி, தம்பி வேண்டாம் என்றுவிட்டால் இவர் மனசு என்னாகும்? குடும்பம் என்றால் யாராவது ஒருத்தி பொறுப்பாக இருக்க வேண்டும் இல்லையா?

என்னது, உங்க தங்கச்சியும் உங்ககூடப் பேசுறதில்லையா? அடப்பாவமே. எந்த ஊரு? துறையூரா, நம்ம பக்கம்தான். சரி, அதை அப்புறம் விவரமாச் சொல்லுங்க. முதல்ல நான் இதை முடிச்சுடறேன்.

இந்தக் காலாண்டு லீவுக்கு எங்காவது போகலாம் என்று தேன்மொழிதான் ஆரம்பித்தாள். அவள் நல்லவள், ஆனால் கொஞ்சம் அசமந்தம். வண்டியேறிப் போனால் பேசாமல் எப்படியக்கா இருப்பார்கள் என்றாள். அவள் தன் புருஷனிடம், அண்ணன்தான் ஆசையாகக் கூப்பிட்டார் என்று சொன்னாள். நான் இவரிடம், தம்பிதான் கெஞ்சுகிறார் என்றேன். இரண்டு பேரும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்கள். எந்த இடம் என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் ஒரே பதில். புதுக்கோட்டைப் பக்கம் பார்க்கவேண்டிய மலையும் கோட்டையும் நிறைய இருக்காம். பலகையும் நிறைய இருக்குன்னு அர்த்தம்.

கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. தம்பி வேலியோரம் வந்து நின்றார். அண்ணன் வண்டியில் வைப்பர் சரியாக ஓடாது, மழை வேறு பலமாக இருக்கு, எல்லாரும் என் புது வண்டியிலேயே போய்விடலாம், அண்ணனை முன்னால் உட்காரச் சொல்லுங்க என்றார். இவருடையது பழைய ஆம்னி, பைப்பு ஏற்றுகிற வண்டி. நான் இவரிடம் போய், உங்க வண்டி ஓடாதுங்கிறார் தம்பி என்றேன். அவ்வளவு நீளத்தையும் சொல்லிக்கொண்டு நிற்க நேரம் ஏது, சோறு கட்ட வேண்டாமா? இவருக்கு வந்ததே கோபம். ஓடுதா ஓடலையான்னு பின்னாடியே வந்து பார்க்கச் சொல்லு என்று ஆம்னியை எடுத்துவிட்டார்.

ஆக, இரண்டு வண்டி. முன்னால் ஆம்னி, பின்னால் புதுசு. இரண்டு வீட்டுக்கும் இவள் ஒருத்திதான் வாண்டு என்பதால், இவள் ஏசி இருக்கிற சித்தப்பா வண்டியில். நான் எந்த வண்டியில்? அதுதான் கேள்வி. தூது போகிறவள் ஒரே சீட்டில் உட்கார முடியுமா? ஓர் இடம் வரைக்கும் இந்த வண்டி, அடுத்த இடம் வரைக்கும் அந்த வண்டி என்று மாறி மாறி ஏறினேன். ஆம்னியில் ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பழைய துண்டால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். வைப்பர் உத்தியோகமும் எனக்குத்தான். குடை வைத்திருந்தவள் எப்படி நனைந்தாள் என்று இப்போது புரிந்திருக்குமே.

முதலில் ஒரு கோட்டை. பேர் கேட்காதீங்க, இவ அப்பாதான் சொல்லணும். வாசலிலேயே நீலப் பலகை. இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம். இவர் குடைக்குள் நின்று தமிழைப் படித்தார். யார் கட்டினது, யார் இடித்தது, மறுபடி யார் கட்டினது, சேதப்படுத்தினால் என்ன தண்டனை, எல்லாம். தம்பி அந்தப் பக்கம் போய் ஆங்கிலத்தைப் படித்தார். நடுவில் பலகை, இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி, ஓரத்தில் நான்.

பீரங்கி ஒன்று மேலே இருக்குதாம். அது கோட்டைக்காரன் வைத்தது என்று சொல் என்றார் இவர். வெள்ளைக்காரன் விட்டுப்போனதாக இருக்கும் என்று சொல்லுங்க அண்ணி என்றார் தம்பி. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னேன், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரம்தான். ஊசி விழுந்தால் கேட்கும். கடைசியில் மேலே ஏறிப் பார்த்தால், அந்தப் பீரங்கி மேல் ஒரு காக்கா நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இப்போதைக்கு இது காக்காவுடையது, வாங்க போகலாம் என்று இரண்டு பக்கமும் ஒரே சேதியைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அது எப்படி முடியுதோ தெரியலை.

அடுத்து ஒரு மலை. அடிவாரத்தில் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, சிமெண்டில் செய்த மான். மலைமேல் அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கை. வெயில் காலத்திலேயே மூச்சு வாங்கும் மலை அது. மழையில் அங்கே ஏறுவதற்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும். ஏறினோம். பாறையில் வெட்டின படி, ஓரத்தில் கம்பி. தண்ணீர் படியில் ஓடிவருது. இவர் முன்னால், அடுத்து தம்பி, அப்புறம் நான், என் பின்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தேன்மொழி.

ஒன்று பார்த்தேன். இவருக்கு வலது முட்டி கொஞ்சம் சரியில்லை. தம்பி பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏறினார், இவர் வழுக்கினால் பிடிப்பதற்காக. தொடவில்லை. இவர் மூச்சு வாங்க நின்று திரும்பினால், உடனே கையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்வார். இவர் திரும்பி ஏற ஆரம்பித்தால் மறுபடி கை நீளும். மலை முழுக்க அப்படியே வந்தார். அதை நான் இவரிடம் சொல்லவில்லை. அவர் வாயால் சொல்லாததை நான் எதற்குக் கொண்டுபோகணும்?

இறங்கி வந்தபோது மழை இன்னும் வலுத்தது. அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். அப்போதுதான் பார்க்கிறேன், இவர் குடையை மேலே பலகையில் சாய்த்துவைத்துவிட்டு வந்திருக்கிறார். ஓட்டை இல்லாத ஒரே குடை. எடுத்துக்கொண்டு வந்துடறேன் என்று கத்திவிட்டுத்தான் ஏறினேன். மழைச் சத்தத்தில் யார் காதில் விழுந்ததோ. ஏறி, குடையை எடுத்து, விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறேன். வண்டிகள் நின்ற மரத்தடி காலி. ஆம்னியும் இல்லை, புதுசும் இல்லை. சிமெண்டு மான் மட்டும் நின்றது.

நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது படித்தவள் அக்கா. பெரிய படிப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் மாடு பற்றிக்கொண்டு வருகிற பொடிசுகூட, எல்லாம் வந்ததா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். பலகையில் ஓர் எழுத்து விடாமல் படிக்கிற மனுஷன், பக்கத்து சீட்டில் பொண்டாட்டி இருக்கிறாளா என்று பார்க்காமல் விட்டுவிட்டார்.

எப்படி நடந்தது என்று நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் முறைக்கு அது ஆம்னி. தம்பியும் தேன்மொழியும், அண்ணி அண்ணன் வண்டியில் என்று போய்விட்டார்கள். இவரோ, ஆம்னி சீட்டு ஈரம், அதனால் தம்பி வண்டியிலேயே ஏறிவிட்டாள் என்று நினைத்திருப்பார். சந்தேகம் வந்திருந்தாலும் யாரைக் கேட்பார்? கேட்கச் சொல்வதற்கு நான் இருந்தால்தானே?

டிக்கெட் கொடுக்கிற கூண்டில் ஒரு பொண்ணு இருந்தாள், அமுதவல்லி என்று பேர். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். என் போன் ஆம்னியில் பைக்குள். தன் போனைக் கொடுத்து, கூப்பிடுங்கக்கா என்றாள். இவர் நம்பர் எனக்கு மனப்பாடம். அழுத்தினேன், கடைசி எண் மட்டும் பாக்கி. அப்போது ஒரு யோசனை வந்து விரல் நின்றுவிட்டது.

கூப்பிட்டால் என்ன ஆகும்? இவர் மட்டும் ஆம்னியைத் திருப்பிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்வார். மறுபடி நான் தூது, மறுபடி மோட்டார், கழுத்து வலி. கூப்பிடாவிட்டால்? நான் எங்கே என்று தெரிய, ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டே ஆகவேண்டும். இந்தப் பயணத்தில் நடக்க வேண்டியது அது ஒன்றுதான், கோட்டையும் மலையும் சும்மா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தேட மாட்டாங்களா அக்கா என்றாள். தேடுவாங்க என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், எனக்கே நம்பிக்கை இல்லை. ஏனென்றால் இவர்களை எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் முசிறி வரைக்கும் போய், ஆளுக்கு ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஜாதி.

பிள்ளை ஞாபகம் வந்தது. சித்தி மடியில்தான் இருக்கும், பயமில்லை. இருந்தாலும் உட்கார முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கேயும் ஒரு நீலப் பலகை. வேறு வேலை இல்லை, படித்தேன். நான்தான் படித்தேன் அக்கா, முதல் வரியிலிருந்து. அந்த முனிவர்கள் சாப்பிடாமலே விரதம் இருந்து அந்தக் கல்லில் உயிரை விட்டார்களாம். எங்கள் வீட்டிலும் இரண்டு முனிவர்கள் விரதம் இருக்கிறார்கள், பேசாத விரதம். சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு வேண்டும். தண்டனை வரைக்கும் படித்து முடித்து, இரண்டாவது தடவையும் ஆரம்பித்துவிட்டேன். படித்தால் நேரம் போவது உண்மைதான். இதை இவரிடம் சொல்லிவிடாதீங்க.

அங்கே என்ன நடந்தது என்பது தேன்மொழி சொல்லித்தான் தெரியும். அவள் சொன்னால் நம்பலாம், கூட்டிக் குறைத்துச் சொல்கிற அளவுக்கு அவளுக்குச் சாமர்த்தியம் பத்தாது.

வழியில் டீக்கடை பார்த்து இரண்டு வண்டியும் நின்றிருக்கு. இவர் இறங்கி, ஆம்னிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், நான் புது வண்டியிலிருந்து இறங்கி வருவேன், தம்பிக்கு டீயா காபியா என்று கேட்கச் சொல்லலாம் என்று. தம்பி இறங்கி அவர் வண்டிப் பக்கத்தில் நின்றிருக்கிறார், நான் ஆம்னியிலிருந்து வருவேன், அண்ணனுக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கலாம் என்று. இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு, ஆளுக்கு ஒரு வண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்காரர் இவரைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார். கதவு திறக்கக் காணோம்.

அப்புறம் இவர் மெதுவாக நடந்து புது வண்டிக்கு வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அதே நேரம் தம்பி ஆம்னிக்குப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார். இவள் கண் முழித்து, "அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். இவர் முகம் செத்துப்போய்விட்டதாம். ரோட்டு நடுவில் நின்று, இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்தாராம்.

"டேய், உங்க அண்ணி எங்கடா?"

"அண்ணே, உங்ககூட இல்லையா?"

இதை எனக்குச் சொல்லும்போது தேன்மொழி அழுதாள். டேய்னு கூப்பிட்டதற்கு அழுவார்களா அக்கா? எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது, மழைக்காலத்தில்கூடத் தூசி பறக்குது பாருங்க.

நான் பலகையை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது கார் வந்தது. ஒன்றே ஒன்று, புதுசு. தம்பி மட்டும் வருகிறார், இவர் இன்னும் விஷயமே தெரியாமல் ஆம்னியில் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கதவு திறந்தது. ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் இவர். இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். இந்த ஆம்னியை வைப்பர் இல்லாமல் மழையில் ஓட்டக் கூடாது, இதில் ஏறுங்க அண்ணே என்று தம்பி சொல்லி, இவரும் மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிட்டாராம். ஏன்டி கூப்பிடலை என்று இவர் திட்டினார். ஏன் அண்ணி கூப்பிடலை என்று அவரும் திட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நினைத்தது நடந்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன், அமுதவல்லிகூடக் கூண்டுக்குள் கை தட்டினாள்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இந்த ஈர சீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முன் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னைப் பின்னால் பிள்ளையோடும் ஈரத் துண்டோடும் உட்காரச் சொன்னார்கள். போகட்டும். வண்டி கிளம்பியதிலிருந்து இரண்டு பேரும் வாய் மூடவில்லை. அடுத்து இன்னொரு மலை இருக்கு, அங்கே கல்வெட்டு இருக்கு, இசையைப் பற்றியாம், மழை விட்டால் போகலாமா என்று இவர் கேட்டார். நான் பழக்கதோஷத்தில் முன்னால் சாய்ந்து, "தம்பி, இன்னொரு மலை இருக்குதாம், போகலாமாங்கிறார்" என்றேன்.

"கேட்டுச்சு அண்ணி" என்றார் தம்பி.

அவ்வளவுதான் சொன்னார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. அத்தனை வருஷம் கழுத்து வலிக்கத் திருப்பித் திருப்பிப் பேசினவள் நான். கேட்டுச்சாம்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. வைப்பர் சரியில்லைன்னு காலையிலேயே சொல்லிவிட்டேனே அண்ணே, என் வண்டியிலேயே போகலாம், நீங்க முன்னாடி உட்காருங்கன்னு என்றார் தம்பி. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி வரலையேடா, என் வண்டி ஓடாதுன்னுதானே வந்தது என்றார். அப்படியே இருமல் பேச்சு வந்தது. அப்புறம் வேட்டி வந்தது. அது நான் எடுத்ததுடா, ரெண்டு கடை ஏறி இறங்கி எடுத்தது என்று இவர் சொல்ல, அண்ணி வீட்டுச் சீருன்னு நினைச்சு அவங்கம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேனே என்று அவர் சொல்ல, எங்கம்மா அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டது வேறு விஷயம். கடைசியில் பத்திரிகை வந்தது. அண்ணன் பேரைத் தனியாகப் பெரிய எழுத்தில் மேலே போடச் சொல்லியிருந்தாராம், அச்சகத்துக்காரர் இடம் பத்தாமல் கீழே தள்ளிவிட்டாராம். பால் காய்ச்சுக்கு முதல் நாளே என்னிடம் வந்து, தப்பு நடந்துபோச்சு, அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க என்று சொன்னாராம்.

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை அக்கா. அன்றைக்கு இவளுக்குக் காய்ச்சல். சொல்லியிருந்தாலும் நான் சரியான நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருப்பேன். சரியான நேரம் வரவில்லை, நான் என்ன பண்ணட்டும்?

கோபித்துக்கொண்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அசமந்தம் என்று சொன்னேனே, அந்தத் தேன்மொழியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடை வந்ததும் தம்பி கேட்காமலே இவருக்குச் சர்க்கரை இல்லாத டீ வாங்கிவந்தார். இவர் கேட்காமலே தம்பிக்கு வடையைப் பிட்டுக் கொடுத்தார். எனக்கு டீ வேணுமா என்று கேட்கச் சொல்லக்கூட அங்கே ஓர் ஆள் இல்லை.

அந்த நேரம் இந்த பஸ் வந்தது. கையைக் காட்டினேன். பிள்ளைக்கு வாந்தி வருது, நாங்க பஸ்ஸில் போறோம், நீங்க கல்வெட்டைப் பார்த்துட்டு வாங்க என்று ஏறிவிட்டேன். இவர் டம்ளரோடு நின்று, வளரு, வளரு என்றார். நான் திரும்பவில்லை. கழுத்து வலி.

இல்லை அக்கா, எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. சந்தோஷம்தான். அண்ணன் தம்பி பேசினால் யாருக்கு நல்லது? எனக்குத்தானே. நாளைக்குக் காலையில் மோட்டாரை அவர்களே கேட்டுப் போட்டுக்கொள்வார்கள். நான் பாட்டுக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் தூங்குவேன். வாசலுக்கே வர வேண்டியதில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

பின்னால் பார்க்கிறேனா? நான் எங்கே பார்த்தேன்? மழை எப்படி இருக்குன்னு பார்த்தேன்.

என்ன ஹாரன் இது, காது கிழியுது. அந்த வெள்ளைக் கார்தான், பஸ்ஸை முந்திக்கிட்டுப் போகுது பாருங்க, ரோடு என்ன அவங்க சொத்தா... யோகிதா, உட்காரு, கையை வெளியில நீட்டாதே. என்னது, அப்பாவா? எங்கே?

அடக் கடவுளே. அந்த ஸ்டாப்பில் நிற்கிறாங்க பாருங்க அக்கா, ரெண்டு பேரும். பஸ்ஸுக்குக் கை காட்டிக்கிட்டு. தலையில ஒரே துண்டைப் பிடிச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு முனை. நிழற்குடைக்குள்ள நிற்க வேண்டியதுதானே? இவர் மாட்டார். அந்தச் சுவரில் கல்லு பதிச்சிருக்கு, யார் நிதியில் கட்டினது, யார் திறந்துவச்சதுன்னு. பஸ் வர்றதுக்குள்ள அதைத் தம்பிக்கு வாசிச்சுக் காட்டறார். தம்பியும் தலையை ஆட்டிக் கேட்கறார். எத்தனை வருஷத்துப் பலகை பாக்கி இருக்கோ ரெண்டு பேருக்கும்.

குடைக்காக வந்திருப்பாங்க. ஓட்டை இல்லாத குடை என்கிட்டதானே இருக்கு. எனக்காகவா வந்தாங்க.

சரி, பிள்ளை இறங்கணும்ங்குது, நான் இங்கேயே இறங்கிக்கிறேன். கண்டக்டர் சார், கொஞ்சம் நிறுத்துங்க. யோகிதா, செருப்பைப் போடு. வாந்தி நின்னுபோச்சு, கார்லயே போகலாம்.

அக்கா, உங்க தங்கச்சி துறையூரில் எந்தத் தெரு? முசிறியிலிருந்து எனக்குக் கூப்பிடு தூரம்தான். இப்ப எனக்கு வேலையும் ஒண்ணும் இல்லை. அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, நான் நேர்ல போய்ச் சொல்லிடறேன். ஓர் எழுத்து மாறாது.